மஞ்சத்தொண்டைக் குருவி

சடையப்பன்: பாத்து வாங்க அண்ணி... வரப்பு வழுக்குது. பனியில ஊறிக் கெடக்குது.

ஆரோக்கியமேரி: நீ முன்னால போ. அன்னிக்கி எங்க நின்னுக்கினு இருந்தியோ, அங்க கொண்டுபோயி நிறுத்து.

சடையப்பன்: ஒரு வருசம் ஆவப்போவுது... அடி கணக்கா சொல்ல முடியுமா? இந்த ஈச்ச மரத்தாண்டதான்.

ஆரோக்கியமேரி: மரத்துக்கு இந்தாண்டயா, அந்தாண்டயா?

சடையப்பன்: இன்னா அண்ணி, போலீசு மாதிரி கேக்கறீங்க?

ஆரோக்கியமேரி: போலீசு இவ்ளோ கேக்கல. கேட்டிருந்தா நான் ஏன் ஞாயித்துக்கெழமையும் அதுவுமா ஒங்கூட சேத்துல நிக்கறேன்?

சடையப்பன்: பூசைக்குப் போவலியா இன்னிக்கி?

ஆரோக்கியமேரி: மொத பூசைக்குப் போயிட்டுதான் வரேன். ரெண்டாவது பூச முடிஞ்சதும் பாதர் வரச் சொல்லியிருக்காரு. ஒன்னயும் கூட்டிக்கினு.

சடையப்பன்: என்னயா? நான் எதுக்கு... நான் அம்மன் கோயிலு ஆளு.

ஆரோக்கியமேரி: சாட்சி சொல்றதுக்கு எந்தக் கோயிலா இருந்தா இன்னா?

சடையப்பன்: அதான் கம்பெனி என்கொயரிலயே எல்லாம் சொல்லிட்டேனே. கையெழுத்தும் போட்டுட்டேன். இன்னும் இன்னா சொல்றது?

ஆரோக்கியமேரி: கல்லறத் திருநாளுக்கு ஊர் மொத்தமும் மதிலுக்கு உள்ள மெழுகுவத்தி ஏத்துது. நான் மட்டும் மதிலுக்கு வெளிய, கள்ளிச் செடியாண்ட ஒக்காந்து ஏத்தறேன். காத்துக்கு நிக்கல. பதிமூணு குச்சி கிழிச்சேன் சடையப்பா.

சடையப்பன்: மழக் காத்து அண்ணி, எங்க நிக்கும்?

ஆரோக்கியமேரி: தூக்குல தொங்கினவன், மருந்து குடிச்சவன், இவங்களுக்கு ஒதுக்கின எடம் அது. ஒங்கண்ணன் பாக்கியராஜ் அதுல எந்த வகை?

சடையப்பன்: நான் இன்னா பண்ணட்டும், சொல்லுங்க? கொடோன் கதவு உள்ள தாப்பா போட்டிருந்துச்சி. ஒடச்சிதானே தொறந்தோம். மொத நாளுதான் சூப்பர்வைசரு மெமோ குடுத்தாரு. மனசு வெறுத்துப்போயி...

ஆரோக்கியமேரி: மெமோ வாங்கினவன் எல்லாம் சாவறதுன்னா கும்மிடிப்பூண்டியில யாரு மிச்சம் இருப்பா? நீயே மூணு வாங்கின.

சடையப்பன்: நாலு.

ஆரோக்கியமேரி: அந்தக் கொடோன்ல கெமிக்கல் டிரம்மு மூடி சரியில்ல, உருண்டா அந்த நெடியிலயே மூச்சடச்சி ஆளு காலின்னு ஒங்கண்ணன்தான் ரெண்டு தடவ எழுதிக் குடுத்தாரு. அதுக்குத்தான் மெமோ. எழுதினவரே போயி மூடியத் தொறந்து வெச்சிக்கினு ஒக்காருவாரா?

சடையப்பன்: எனக்கு மட்டும் தெரியுமா... பாதர் இன்னா சொல்றாரு?

ஆரோக்கியமேரி: "உள்பக்கம் தாழ்னு காகிதத்துல இருக்கற வரைக்கும் என் கை கட்டியிருக்கும்மா. அத எழுதிக் குடுத்த ஆளே வந்து வேற சொன்னா, தோண்டக்கூட வேணாம். மதில ரெண்டு முழம் தள்ளிக் கட்டிடலாம்"னாரு. செங்கல்லு கூட சொல்லி வெச்சிட்டேன்.

சடையப்பன்: இருக்கறதத்தானே அண்ணி சொல்ல முடியும்?

ஆரோக்கியமேரி: சரி. இருக்கறதயே சொல்லு. மொதல்ல, அன்னிக்கி பாத்தேன்னு சொன்னியே, அந்தக் குருவியக் காட்டு.

சடையப்பன்: ஆங், அத கேளுங்க, காட்டறேன். இந்நேரத்துக்குத்தான் எறங்கும்... அந்தப் பையில இன்னா அண்ணி? நாஷ்டாவா?

ஆரோக்கியமேரி: ஒனக்குத்தான். அப்புறம் தரேன்.

சடையப்பன்: இட்லியா? வாசன வேற மாதிரி அடிக்குதே... கருவாடு மாதிரி...

செல்லியம்மாள்: யாரது ஈச்ச மரத்தாண்ட? கதிர உருவறதுக்கா வந்து நிக்கறீங்க?

சடையப்பன்: கத்தாத செல்லியம்மா! நான்தான், கம்பெனி வாச்மேனு.

செல்லியம்மாள்: அது இன்னும் மோசமாச்சே! நெல்லத் தின்ற குருவியக்கூட நம்பலாம்... கூட யாரு, மேரியா? ஏன் மே, இவங்கூட இன்னா ஒனக்கு காலங்காத்தால?

ஆரோக்கியமேரி: குருவி பாக்க வந்தேன் அக்கா.

செல்லியம்மாள்: கிழிஞ்சிது. ஒம்புருசன்தான் டீ குடிக்கற நேரத்துல கம்பெனி மதிலு மேல ஏறி ஒக்காந்து குருவி எண்ணிக்கினு இருப்பான். "இன்னிக்கி எத்தினிக்கா வந்துச்சி"ன்னு என்னைக் கேப்பான். "எங்கூட்ல எத்தினி பேருன்னே எனக்குத் தெரியாது, போடா"ம்பேன். இப்ப நீயுமா?

ஆரோக்கியமேரி: ஒண்ணே ஒண்ணப் பாத்தாப் போதும் அக்கா.

செல்லியம்மாள்: நல்லாப் பாரு. எனக்கு வெரட்ற வேல இருக்குது. தோ, தட்றேன் பாரு... ஓய்! ஓய்! போ! போ அந்தாண்ட!

சடையப்பன்: நிறுத்து! அந்த டின்ன நிறுத்து! ஏன் அப்பிடிப் போட்டு அடிக்கற?

செல்லியம்மாள்: அடிக்காத, கொஞ்சவா சொல்ற? கூலி எதுக்குத் தராங்க எனக்கு? டின்னத் தட்டினாத்தான் குருவி எழும்பும்.

ஆரோக்கியமேரி: ஏன் சடையப்பா, டின்னு சத்தம்னா ஒனக்கு ஆவலியா? மூஞ்சி வேர்த்துப் போச்சே, இந்தப் பனியில.

சடையப்பன்: திடீர்னு தட்டினா யாருக்குத்தான்... ஒண்ணுமில்ல அண்ணி. குருவி கலஞ்சிருச்சேன்னு பாத்தேன்.

செல்லியம்மாள்: இவனுக்கா குருவி மேல பாசம்? எத்தினி குருவிய லேகியக்காரன் கிட்ட கொண்டுபோயிக் குடுத்திருப்பான்! ரயில்ல ஏறி பொன்னேரி சந்தைக்கு கூட எடுத்துக்கினு போவான் மே, கூடைய துணி போட்டு மூடிக்கினு.

சடையப்பன்: அது அப்ப. இப்ப வுட்டுட்டேன்.

செல்லியம்மாள்: வுட்டுட்டியா? என்னிக்கிலேர்ந்து?

சடையப்பன்: ஒரு... ஒரு வருசமா.

ஆரோக்கியமேரி: அவரும் ஒங்கூட சேந்து புடிப்பாரு இல்ல?

சடையப்பன்: அண்ணன் லேகியத்துக்குப் புடிக்கமாட்டாரு. புடிச்சி, றெக்கைய விரிச்சிப் பாத்து, டியூட்டி அட்ட பின்னால எதயோ எழுதிக்கினு வுட்டுருவாரு. "வுட்ராதண்ணே, ரெண்டு குழம்புக்கு ஆவும்"னு நான் சொல்வேன். "ஒனக்கு வேணும்னா நீ உள்ள பூந்து புடி, நான் கதவு புடிக்கறேன்"ம்பாரு.

ஆரோக்கியமேரி: கதவு புடிக்கறதுன்னா?

சடையப்பன்: அது ஒரு டெக்னிக்கி அண்ணி. குருவி கொடோனுக்குள்ள பூந்துச்சின்னா ஒரு ஆளு உள்ள, ஒரு ஆளு வெளிய. உள்ள இருக்கறவன் தகரத்தப் போட்டுத் தட்டுவான், செல்லியம்மா தட்றா பாருங்க, அந்த மாதிரி. குருவி ஒக்கார வுடாம தட்டிக்கினே இருக்கணும். பறந்து பறந்து களச்சி கீழ வுழும். கோணிய போட்டுப் புடிச்சிரலாம்.

ஆரோக்கியமேரி: வெளிய இருக்கற ஆளு?

சடையப்பன்: கதவ இழுத்துப் புடிச்சிக்கினு நிக்கணும். தகரக் கதவு, கொஞ்சம் ஓட்ட கெடச்சா பறந்துரும். சிலப்போ உள்ள இருக்கறவன் கதவு மேலயே தட்டுவான். அதுக்குன்னு தொறந்துரக் கூடாது. "தொற"ன்னு வாயத் தொறந்து கொரல் குடுத்தாத்தான் தொறக்கணும். அது அண்ணன் போட்ட ரூலு. நான் ஒரு தடவ தட்டின ஒடனே தொறந்துட்டேன், நாப்பது குருவி போச்சி. எப்பிடித் திட்டினாரு தெரியுமா!

ஆரோக்கியமேரி: எந்தக் கொடோனு?

சடையப்பன்: அது... கேன்டீனுக்குப் பின்னால, அரிசி மூட்ட வெக்கற கொடோனு. டிரம்மு வெக்கறது இல்ல. அங்க எவன் போவான்? அங்க நாங்க புடிச்சதே கெடையாது.

ஆரோக்கியமேரி: நான் டிரம்மு கொடோனான்னு கேக்கலியே.

சடையப்பன்: இல்ல... நீங்க ஒரு மாதிரி பாத்தீங்க, அதான்...

செல்லியம்மாள்: எப்பா, ஒரே கூட்டமா வருது பாரு! மேகம் மாதிரி! மேரி, நல்லாப் பாத்துக்கம்மா, நான் அந்த மடைப் பக்கம் போயி நிக்கறேன். இங்க எறங்கினா ஒரு சத்தம் குடு. வாச்மேன நம்பாத, கண்ண மூடிக்கினு காவல் காக்கறவன்.

சடையப்பன்: போ போ, ஒன் வாய்க்கு அந்த டின்னே வேணாம்... தோ, எறங்கிருச்சி அண்ணி. அறுத்த வயல்ல பாருங்க. ஐநூறு இருக்குமா?

ஆரோக்கியமேரி: எனக்கு தூரத்துல பார்வ சரியில்ல. நீ பாத்து சொல்லு.

சடையப்பன்: எல்லாம் ஊர்க்குருவி... அந்தாண்ட நெல்லுக்குருவி... இருங்க, இருங்க. தோ! வரப்பு ஓரத்துல!

ஆரோக்கியமேரி: எது?

சடையப்பன்: கல்லு பக்கத்துல, தனியா. தொண்டையில மஞ்சத்தூளக் கிள்ளி வெச்ச மாதிரி... பாக்கறீங்களா? தோளு செங்கல்லு நெறம். அண்ணன் சொல்ற அதே குருவி.

ஆரோக்கியமேரி: மஞ்ச தெரியுதா ஒனக்கு?

சடையப்பன்: பளிச்சுன்னு தெரியுது!

ஆரோக்கியமேரி: வேற குருவியா இருக்கப்போவுது. அவரு அதுக்கு ஒரு அடையாளம் சொல்வாரு.

சடையப்பன்: தெரியுமே. வலது கால்ல ஒரு வெரலு கெடையாது. நொண்டும். தோ, நொண்டுது பாருங்க... தத்தித் தத்தி...

ஆரோக்கியமேரி: அப்ப அதேதான்.

சடையப்பன்: அதேதான் அண்ணி. நாலு வருசமா மார்கழி பொறந்தா இந்தக் கூட்டத்தோட வருது. ஒண்ணே ஒண்ணு. எங்கேர்ந்து வந்து சேந்துச்சோ, எதுக்கு இதுங்களோட சுத்துதோ... அண்ணன் மட்டும் இருந்தா...

ஆரோக்கியமேரி: இதேமாதிரி ரெண்டு இருக்க முடியாதா?

சடையப்பன்: சான்சே இல்ல. மஞ்சத் தொண்டையே அதிசயம். அதுலயும் வெரலு இல்லாதது இன்னொண்ணு எங்கேர்ந்து வரும்?

ஆரோக்கியமேரி: அன்னிக்கி நீ பாத்ததும் இதான்?

சடையப்பன்: இதேதான். அண்ணனக் கூப்புட்டுக் காட்லாம்னு நெனச்சிக்கினே நின்னேன். அதுக்குள்ள...

ஆரோக்கியமேரி: மணி இன்னா இருக்கும் அப்ப?

சடையப்பன்: பத்து. அந்த சூளூர்பேட்ட வண்டி போச்சி.

ஆரோக்கியமேரி: காகிதத்துலயும் அப்பிடித்தான் இருக்குது. காப்பி கேட்டு வாங்கினேன். எட்டாவது வரைக்கும் படிச்சது இதுக்காவது ஒதவுச்சி. படிக்கறேன் கேளு. "மேற்படி நாளில் காலை சுமார் பத்து மணிக்கு நான் பின்பக்க வரப்பில் நின்றிருந்தேன். அங்கு இறங்கிய குருவிகளில் மஞ்சள் தொண்டையும் ஊனமுற்ற காலும் உடைய அபூர்வமான குருவி ஒன்றைக் கண்டு, சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். ஆகையால் பாக்கியராஜ் கொடோனுக்குள் சென்றதை நான் பார்க்கவில்லை."

சடையப்பன்: அபூர்வமானன்னு நான் சொல்லல. அது சூப்பர்வைசரு போட்டாரு.

ஆரோக்கியமேரி: குருவி?

சடையப்பன்: குருவி நான் சொன்னது. எங்க போயிருந்தன்னு கேட்டாங்க, இருந்தத சொன்னேன்.

ஆரோக்கியமேரி: பொய் சொல்றவன் இவ்ளோ அடையாளம் சொல்லமாட்டான்னுதானே நம்பிட்டாங்க?

சடையப்பன்: பொய்யின்னு யாரு...

ஆரோக்கியமேரி: இன்னொரு தடவ பாரு. கல்லு பக்கத்துல. இன்னும் இருக்குதா?

சடையப்பன்: இருக்குது... ஆங், இருக்குது. நெல்லு கொத்துது.

ஆரோக்கியமேரி: நல்லா இருக்கட்டும். இந்தா, ஒன் நாஷ்டா. பிரி.

சடையப்பன்: அப்புறம் தின்னுக்கறேன் அண்ணி...

ஆரோக்கியமேரி: பிரிடா.

சடையப்பன்: இன்னா இது, உப்பா கொட்டுது... கருவாடுன்னு சொன்னேன் இல்ல, நான் அப்பவே... அண்ணி. இது அண்ணனோட கர்ச்சீப்பு.

ஆரோக்கியமேரி: முடிச்ச அவுரு. மெதுவா. மூக்கு மட்டும் வெளிய தெரியற மாதிரி முடிஞ்சிருப்பாரு. குருவிக்கு மூச்சு முட்டக் கூடாதுன்னு.

சடையப்பன்: ஐயோ...

ஆரோக்கியமேரி: கருவாட்டுக்காரி கங்கம்மாளக் கேட்டு உப்புல போட்டு வெச்சேன். வயித்தக் கீறி எடுக்கச் சொன்னா. எனக்குக் கை வரல. அப்பிடியே உப்பு மாத்தி மாத்தி வெச்சிருந்தேன். தொண்டையப் பாரு. மஞ்ச போவல. கால எண்ணு.

சடையப்பன்: வேணாம் அண்ணி...

ஆரோக்கியமேரி: எண்ணு. வலது காலு.

சடையப்பன்: ...மூணு.

ஆரோக்கியமேரி: ஆஸ்பத்திரியில அவரு துணிய மூட்ட கட்டிக் குடுத்தாங்க. நிக்கரு ஜோபுல இருந்துச்சி. அன்னிக்கி பத்து மணிக்கு இது அந்தக் கொடோனுக்குள்ள, அவரு ஜோபுல. அப்ப நீ வரப்புல எதடா பாத்த? இப்ப எத பாத்துக்கினு இருக்க? எது அங்க நொண்டிக்கினு நெல்லு கொத்துது?

சடையப்பன்: ஒரு வருசமா... வெச்சிக்கினா இருந்தீங்க? ஏன் சொல்லல யாருக்கும்?

ஆரோக்கியமேரி: சொன்னா, எதுக்குப் புடிச்சாருன்னு கேப்பாங்களே.

சடையப்பன்: எதுக்கு...

ஆரோக்கியமேரி: மூணு வருசமா இந்தக் குருவிக் கததான் ஊட்ல. மெமோ வாங்கின அன்னிக்கும் அதேதான். எனக்கு எரிச்சலா வந்துச்சி. மறுநா காலைல வேலைக்குக் கெளம்பறப்ப சொன்னேன். "ஐநூறு குருவில ஒண்ணு மட்டும் மஞ்சளாம். கையில கொண்ணாந்து காட்டு, அப்ப நம்பறேன். இல்லாட்டி இனிமே இந்தப் பேச்ச எடுக்காத"ன்னு. சிரிச்சிக்கினே போனாரு. கொண்ணாந்துட்டாரு.

சடையப்பன்: அண்ணி...

ஆரோக்கியமேரி: பாதர் கிட்ட பாவசங்கீர்த்தனத்துல கூட இத சொல்லல நான். இப்ப ஒங்கிட்ட சொல்லிட்டேன். நீ சொல்லு. கதவு புடிச்சது நீதானே?

சடையப்பன்: ...அந்த கெடுகெட்ட குருவி டிரம்மு கொடோனுக்குள்ள போயி பூந்துச்சி அண்ணி. வேணாம்னு சொன்னேன். "ரெண்டு நிமிசம்டா, மேரிக்குக் காட்டணும், வா கதவப் புடி"ன்னாரு.

ஆரோக்கியமேரி: தாப்பா?

சடையப்பன்: அந்தக் கதவுக்கு உள்ள தாப்பாவே கெடையாது. சாயங்காலம் சூப்பர்வைசரு ஒண்ண அடிச்சி மாட்டி, அப்புறம் ஒடச்சாரு. "வாய மூடிக்கினு இருந்தா ஒனக்கு வேல இருக்கும்"னாரு. எனக்கு ரெண்டு பொண்ணு அண்ணி...

ஆரோக்கியமேரி: நீ வெளிய நின்னுக்கினேதானே இருந்த. டிரம்மு உருண்ட சத்தம் கேக்கல?

சடையப்பன்: கேட்டுச்சி. குருவியத் தொரத்தறாருன்னு நெனச்சேன்.

ஆரோக்கியமேரி: "தொற"ன்னு ஒரு தடவ கூடவா அவரு கத்தல?

சடையப்பன்: கத்தல அண்ணி... தட்டினாரு. தட்டிக்கினே இருந்தாரு. நான் இன்னும் கெட்டியா புடிச்சிக்கினேன்.